ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர்

என் வீட்டுக்காரர் ஆரம்பாக்கத்தில் வாடகைக் கார் ஓட்டினார். எழுபதுகளின் பிற்பாதி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கிய சமயம். நிலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நாள் பூராவும் புழுதியில் அலைவார். யாரோ ஓட்டித் தேய்த்த சனியன் பிடித்த கார் அது. ரேடியேட்டர் ஒழுகும். பட்டறையில் விட்டால் இரண்டு நாள் சவாரி போய்விடும் என்று, மற்ற டிரைவர்கள் செய்கிறதையே இவரும் செய்தார். ஒரு பிடி மஞ்சள்தூளை ரேடியேட்டருக்குள் கொட்டுவார். தூள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ஒழுகல் நிற்கும்.

அது என் அடுக்களை மஞ்சள்தான். "இந்தா, உன் மொதப் பொண்டாட்டிக்கு மஞ்ச பூசிட்டு வா" என்று கிண்டல் செய்துகொண்டே அள்ளிக் கொடுப்பேன். தண்ணீர் விஷயத்தில் மட்டும் விடமாட்டேன். எங்கள் கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்கு ரயில்வே லைனைத் தாண்டிப் போய் இடுப்பு ஒடியச் சுமந்து வர வேண்டும். ஒருநாள் அவர் அந்தக் குடத்தில் கை வைத்தபோது பிடித்துக்கொண்டேன்.

"குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துவியா? ஒரு நாளு நீ செமந்து பாரு, தெரியும். அதுக்கு உப்புத் தண்ணி போதும், போ."

அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினார். என் வாய்க்கு அவர் எப்போதுமே பயந்தவர்.

எங்களுக்கு ஒரே பெண், நாலு வயது. பங்குனி மாசம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு தொண்டை வீங்கிவிட்டது. கும்மிடிப்பூண்டி டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்தார். "தொண்டை அடைப்பான். மூச்சு அடைக்கிறதுக்குள்ள மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க. கார் இருக்குல்ல?" என்றார். கார் இருக்கிறதே என்று நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

கவரப்பேட்டையைத் தாண்டியதும் முன்பக்கமிருந்து ஆவி பீய்ச்சியது. இன்ஜின் நின்றுவிட்டது. உச்சி வெயில். அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அவர் கையை வேகவைத்துக்கொண்டார். "ஆறணும், கொஞ்சம் ஆறணும்" என்று அதையே சொல்லிக்கொண்டு ரோட்டில் ஓடி ஓடி லாரிகளுக்குக் கை காட்டினார். மடியில் கிடந்தவள் கம்மிய குரலில், "வண்டி இன்னாத்துக்கும்மா அழுவுது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு லாரி நின்றபோது அவள் மூச்சு அடங்கியிருந்தது.

மூன்று மாதம் நான் அவரோடு பேசவில்லை. பேசியது ஒரே ஒரு தடவை. "உன் வண்டிதான் எம் பொண்ணக் கொன்னுச்சு" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். காரைப் புளியமரத்தடியில் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனார்.

பிறகு யாரோ அதை விலைக்குக் கேட்டார்கள். விற்பதற்காவது அது ஓட வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டரைக் கழுவ உட்கார்ந்தார். அதன் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்தார், ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். அரைத்த மாவு போல மஞ்சள் சேறு வந்து விழுந்தது. அதோடு வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு. துடைப்பத்தோடு போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"இன்னாய்யா இது?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ."

"மஞ்சதானே? எங்கையால குடுத்த மஞ்சதானே?"

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "ஊத்துன தண்ணி சுத்தி வர வழியில்லாம அடச்சிக்கிச்சி. அன்னிக்கி மூடியத் தொறந்தப்பவே பாத்தேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல? நான் அவ்ளோ பேசினேனே."

"சொன்னா நீ தாங்குவியாம்மே?" என்றார்.

மூன்று மாதம் அந்த மனுஷன் என் பழியை வாங்கி வயிற்றில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாக்கா இது? எனக்கு அதை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது.

சலவைச் சோடாவைக் கரைத்து நான்தான் ஊற்றினேன். அவர் இன்ஜினை ஓடவிட்டார். வடித்தோம். மறுபடி ஊற்றினோம், மறுபடி வடித்தோம். தெளிந்த தண்ணீர் விழ மத்தியானம் ஆகிவிட்டது. அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு லைனைத் தாண்டிப் போனேன். நல்ல தண்ணீர் கொண்டுவந்து, ரேடியேட்டரைக் கழுத்து வரை நானே நிரப்பினேன்.

மறுநாள் காலையில் அவர் வண்டியை எடுத்தார். நானும் ஏறி உட்கார்ந்தேன். கவரப்பேட்டை வந்தது, போனது. செங்குன்றம் வந்தது, போனது. மெட்ராசில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெந்த தழும்போடு இருந்த கை ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருக்க, சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாட்டிகூட சூடு ஏறலம்மே" என்றார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.