அக்கா பாடிய ஒப்பாரி

சுபாங் ஜெயாவில் அம்மாவின் இருதய டாக்டரைப் பார்க்கக் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் அக்கா, பின் சீட்டில் அம்மா. நெடுஞ்சாலையில் வழக்கம்போல ஜேம், வண்டிகள் நகரவில்லை. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, அம்மா கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் தோள் வழியாக நீட்டினார்.

"இதப் போடு."

அட்டையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தோட்டப்புறப் பாட்டுகள். நாங்கள் இளவட்டமாக இருந்த காலத்தில் எங்கள் கோயில் இளைஞர் குழு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு செய்தது. தாலாட்டையும் ரப்பர் தோட்டத்துப் பால்மரக்காட்டுப் பாட்டையும் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, யாரும் தொடத் துணியாத, தகப்பனை இழந்த மகளின் ஒப்பாரியை அக்கா வாங்கிக்கொண்டாள். அவள் குரல் அப்படி.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம். அக்காவோ பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிப் பழகினாள். அம்மா திட்டினார், அப்பா சிரித்தார். கேசட் கைக்கு வந்த வாரமே அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அத்தனை சனத்துக்கு நடுவில் அம்மா அக்காவைப் பார்த்து, "பாடிப் பாடியே அவரத் தின்னுட்டியேடி" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா பாடவே இல்லை. கோயில் பஜனையில்கூட அவள் உதடு அசையாது. கேசட்டைச் சாக்கடையில் வீசிவிட்டதாக அம்மா சொன்னார். காலப்போக்கில் நாங்களும் அதை மறந்துபோனோம்.

இப்போது காரில் அக்கா அந்தக் கேசட்டை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"வேணாம்மா. டென்ஷனே ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு லா."

அம்மாவுக்கு ஏதாவது ஆனால் இந்தப் பழியும் தன் தலையில்தான் விழும் என்ற பயம் அவளுக்கு. அம்மா விடவில்லை, போடச் சொல்லி மறுபடியும் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஒளித்துவைத்துவிட்டு, நடுரோட்டில் இதென்ன நாடகம்? கேட்டே தொலைப்போம் என்று அக்காவிடமிருந்து வாங்கி உள்ளே தள்ளினேன். என் ஓட்டைக் காரில் கேசட் பெட்டி மட்டும் இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது.

நாடா கீச்சிட்டது. எங்கே சிக்கி அறுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சரியாக அந்த ஒப்பாரியே தொடங்கியது. நாடா அந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றால், அம்மா எங்களுக்குத் தெரியாமல் இதைக் கேட்டிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்திருந்தார். அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். பின்னால் லோரிக்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்தான். நிறுத்தித் தொலை என்று அக்கா என் கையை அடித்தாள். நிறுத்தப் போனபோதுதான் அம்மா பேசினார்.

"உங்கப்பாவுக்குக் கொஞ்ச நாளாவே நெஞ்சு வலி. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் சொல்லல. ஆஸ்பத்திரிக்கும் இழுத்துட்டுப் போகல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஊரு என்னைக் கேக்கும்னு பயம். பழிய உம்மேல போட்டுட்டேன்."

காரை அங்கேயே நிறுத்திவிட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. நோயாளியாவது ஒன்றாவது! ஆனால் அது என் சண்டை இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. கேசட்டில் அவளுடைய இளங்குரல் அப்பாவைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள் அக்கா. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். அப்பாவுக்காக அவள் அழுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சாவு வீட்டில் அவளை யாரும் அழ விடவில்லை.