இடப்பக்கம் நிற்காத புயல்

வீட்டில் எனக்குச் சந்தேகக்காரி என்று பெயர். கணவர் வைத்த பெயர்தான். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து விசைப்படகில் போய் நாற்பது நாள் ஆழ்கடலில் கிடக்கிறவரைக் கட்டிக்கொண்டவள் வேறு எப்படி இருப்பாள்?

சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே, வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கும் தீவைச் சுற்றி மீன் கொட்டிக் கிடக்கிறது என்று துறைமுகத்தில் பேச்சு. பிடிபட்டால் சிறை, படகும் போய்விடும். பக்கத்து ஊரில் ஒருத்தி அப்படிப் பிடிபட்ட கணவனுக்காக மாதக்கணக்கில் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை என்று மகள் தலையில் கைவைத்து இவரைச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார்.

அடுத்த முறை படகு நிறைய மீனோடு வந்தது. அப்போதே எனக்கு உறுத்தியது.

"எங்க போனிய?"

"லட்சத்தீவுக்கு மேக்க."

படகில் போன அத்தனை பேரும் தத்தம் மனைவியிடம் அட்சரம் பிசகாமல் அதையே சொல்லியிருந்தார்கள். ஆண்கள் இத்தனை ஒற்றுமையாக உண்மை பேசி நான் பார்த்ததில்லை.

சாப்பிடும்போது, நடுக்கடலில் சிக்கிய புயலைப் பற்றி உற்சாகமாகச் சொன்னார். "காத்த முதுகுக்கு வச்சு நின்னா, புயலு எப்பவும் இடப்பக்கம்லா நிக்கும். அதனால ஸ்ராங்கு படக வலத்தால திருப்பினாரு. போகப் போகக் காத்து கூடுதலாச்சுட்டி. பொறவு இடத்தால திருப்பினப்பதான் தப்பிச்சோம்." இத்தனை வருடம் படகோட்டிய ஸ்ராங்குக்கே அன்று கணக்குத் தப்பியது எப்படி என்பது அவருக்கு இன்னும் வியப்பு.

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். சுழலும் அட்டையில் நேராகக் கோடு இழுத்தால் அது வளைந்து விழும் என்று பிள்ளைகளுக்கு வருடம்தோறும் செய்து காட்டுகிறேன். கோட்டை யாரும் தள்ளுவதில்லை. அடியில் அட்டை சுற்றுகிறது, அவ்வளவுதான். பூமியும் அப்படிச் சுற்றுவதால், புயலை நோக்கி ஓடும் காற்று நாம் இருக்கும் வடபாதியில் வலப்பக்கம் விலகுகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இடப்பக்கம். ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இங்கே புயல் இடப்பக்கம் இருக்கும், அங்கே வலப்பக்கம். ஸ்ராங்கு நம் கடலின் வழக்கத்தை வேறு கடலில் கையாண்டிருக்கிறார்.

"கோட்டத் தாண்டித்தான போனிய?"

"எவன் சொன்னான்?"

"நீங்கதான்."

அவர் நம்பவில்லை. படகில் எவனோ உளறிவிட்டான் என்றே நினைத்தார். எனக்கு ஆத்திரமும் பெருமையும் ஒன்றாக வந்தன. மகளின் நோட்டுப் புத்தகத்தை இழுத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, மேலே ஒரு சுழி, கீழே எதிர்த் திசையில் ஒரு சுழி வரைந்து, அம்புக்குறி வைத்து விளக்கினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இரண்டு இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னார். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அத்தனை கவனமாகப் பாடம் கேட்டதில்லை. கடைசியில், "மன்னிச்சிரு, இனி போவ மாட்டேன்" என்றார். பிள்ளை தலையில் வைத்த கைக்கே மதிப்பில்லாமல் போனதை நினைத்து அன்று நான் அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி படகு நிறைய மீன். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, நான் எதுவும் கேட்கவுமில்லை.

"வழியில நல்ல காத்துட்டி" என்றார். "புயலு இடப்பக்கம்தான் நின்னுச்சு."