இதுல எது என் பையன்?

கிடார்க்காரருக்கு வண்டி ஓட்டுகிறவனுக்குப் பாட்டு தெரிய வேண்டியதில்லை, பார்க்கிங் தெரிந்தால் போதும். அப்படி நினைத்துக்கொண்டுதான் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன்னால் ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாத்திரைப் பெட்டிக்கு வாய் கிடையாது. ஏற்றினோமா, இறக்கினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கலாம். பாட்டுக்காரர்கள் விஷயம் அப்படியில்லை. யாருக்காகவாவது வெளியே காத்துக்கிடந்தே பொழுதைக் கழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எங்கள் ரூபன் சார் பெரிய ராக் கிடார்க்காரர். சிக்னலில் வண்டி நின்றால் பக்கத்து பைக்கில் இருக்கிறவன் கண்ணாடியைத் தட்டி செல்ஃபி கேட்பான். அவருடைய பேண்டு எப்போதோ கலைந்துவிட்டது. இப்போது மற்றவர்கள் பாடுகிற பாட்டில் போய் நடுவில் கொஞ்சம் வாசித்துக் கொடுத்துவிட்டு வருகிறார். அதற்கு ‘கெஸ்ட்’ என்று பேர். கெஸ்ட் என்றால் விருந்தாளிதானே, போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார் என்று நான் இருந்தேன். இங்கே என்னடா என்றால், விருந்தாளியே அடுப்பு, பாத்திரம் எல்லாம் சுமந்துகொண்டு போய், அவர்கள் குழம்பில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு வர வேண்டும். சுமப்பது நான்.

சாருக்கு ஒரே ஒரு குறை. மல்காஜ்கிரியில் அவருடைய அம்மா இருக்கிறார். அரக்கோணத்திலிருந்து ரயில்வே கார்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இப்போது கண் மங்கிவிட்டது, காது மட்டும் கெட்டி. முன்பு ஒரு தடவை மகனுடைய கச்சேரிக்குப் போய், காதில் பஞ்சோடு திரும்பி வந்து, “நாலு பேரும் சேந்து கத்துனீங்க, இதுல எது நீ?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வி சாரை இன்றுவரை விட்டபாடில்லை. அக்கம்பக்கத்தில் யார் விசாரித்தாலும் அம்மா, “பையன் வயர் வேலை பாக்குறான்” என்பார். எந்நேரமும் வயரும் பெட்டியுமாகத் திரிகிறாரே, வேறென்ன நினைப்பார்? மாடிவீட்டுக்காரர் ஒருநாள் சாரைக் கூப்பிட்டு மிக்ஸியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அதனால் ஒவ்வொரு பாட்டு வெளிவரும்போதும் அதை என் போனில் ஏற்றி என்னைத்தான் மல்காஜ்கிரிக்கு அனுப்புவார். “நான் எதிர்ல இருந்தா பாவம் பாத்துச் சொல்லிருவாங்க முனிண்ணா. நீங்க போய்ப் போடுங்க. எந்த இடம்னு காட்டிராதீங்க. அவங்களாவே கேட்டு, இது என் பையன்னு சொல்லணும்.”

*டப்புக்கு நடுவே*

முதலில் போனது ஒரு தெலுங்கு நாட்டுப்பாட்டுக்காரரின் ரெக்கார்டிங். வாசலிலேயே சால்வை போட்டு, போட்டோ எடுத்து, சாரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நான் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கி முடிக்கவில்லை, எல்லோரும் கைதட்டுகிறார்கள். ‘சரி, டெஸ்டிங் முடிந்தது, இனிமேல்தான் ஆரம்பம்’ என்று ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். வேலையே முடிந்துவிட்டதாம். குகட்பள்ளி டிராஃபிக்கில் நாங்கள் நின்ற நேரத்தில் அரைவாசிகூட இல்லை அது.

பாட்டு வந்ததும் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். சார் வாசித்த இடத்துக்கு மேலேயே, நம்மூர்ப் பறை மாதிரி டப்பு அடிக்கிறவர்கள் கும்பலாக ஏறி அடித்திருந்தார்கள். அம்மா முகத்தைச் சாய்த்து, கூர்ந்து கேட்டார். நான் போனை இன்னும் பக்கத்தில் நீட்டினேன். கடைசியில் அவருக்கு முகம் மலர்ந்தது. “தட்டுறான் பாரு, அவனா? கை நல்லா தேறியிருக்குதே!”

*அழுகைக்கு ஒரு கல்யாணம்*

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கெஸ்ட்டுக்கு முழுப் பாட்டையும் தரமாட்டார்கள். அவர் வாசிக்க வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி அனுப்புவார்கள், அதிலும் பாடுகிறவர் குரல் இருக்காது. முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்கவும் கூடாது, பாட்டு வெளியே கசிந்துவிடுமாம். நடுவில் மாட்டிக்கொண்டவர் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பார், எந்தப் பக்கம் பார்த்து அழுவார்? எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை.

அப்படி வந்த ஒரு துண்டைச் சார் வீட்டில் போட்டுக் கேட்டார். மெதுவாகப் போனது. பிரிவுப் பாட்டு என்று முடிவுகட்டி, கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து வாசித்தார். கேட்ட எனக்கே செத்துப்போன என் அண்ணன் ஞாபகம் வந்து, வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். பாட்டு வந்த பிறகு பார்த்தால், அது கல்யாண ஊர்வலப் பாட்டு. மாப்பிள்ளை குதிரையில் வருகிறார், சொந்தக்காரர்கள் ஆடுகிறார்கள், நடுவில் மாப்பிள்ளை இறங்குகிற இடத்தில் எங்கள் சாரின் ஒப்பாரி. சார் பதறிப்போய் மியூசிக் டைரக்டருக்குப் போன் போட்டார். அந்த மனிதருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “பர்வாலேது சார், பொண்ணு வீட்டுக்காரங்க எப்டியும் அழத்தான் போறாங்க.”

அம்மாவிடம் இந்தப் பாட்டைப் போட நான் துணியவில்லை. பக்கத்துவீட்டுக் கல்யாணத்தில் ஸ்பீக்கரில் ஓடி, அவராகவே கேட்டுவிட்டார். மறுநாள் போனபோது என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “பாவம், அந்தப் பாட்டுல எவனுக்கோ பல்லு வலி போலருக்குது.”

*கொசு*

கரண்ட் கிடார் என்றால் சத்தம் வயர் வழியாகவே போய்விடும். மர கிடார் என்றால் முன்னால் மைக் வைப்பார்கள். இந்த வித்தியாசத்தை நான் தெரிந்துகொண்டது ஒரு மெலடிப் பாட்டு ரெக்கார்டிங்கில். அன்றைக்கு மர கிடார் கேட்டிருந்தார்கள். சார் வாசித்து முடித்ததும், ரெக்கார்டிங் செய்கிற ஹைதராபாதித் தம்பி தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஏதோ ரீங்காரம் கேட்கிறதென்று அறை முழுக்கத் தேடினான். ஏசியை நிறுத்தினான். கொசு பேட்டை எடுத்துக்கொண்டு மூலை மூலையாக வீசினான். கடைசியில் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த என்னைத் தட்டி எழுப்பி, “சாச்சா, நக்கோ, இங்க வேணாம்! தூங்கணும்னா வண்டிக்குள்ள போய்த் தூங்குங்க” என்றான். நான் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறமும் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. வாசிப்பு சூடு பிடித்துவிட்டால் சார் மூக்காலேயே ‘ம்ம்ம்ங்’ என்று ஒரு ராகம் இழுக்கிறாராம். அது பாட்டோடும் சேராது, கிடாரோடும் சேராது, தன்பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். இத்தனை வருஷமாக அவருக்கே தெரியாது, கரண்ட் கிடாரில்தான் அது கேட்காதே. வாயில் கர்ச்சீஃபை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தார், இன்னும் கனமாக வந்தது. அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் அதை மட்டும் துடைத்து எடுத்துவிட்டு, கைகூப்பிச் சொன்னான்: “சார், உங்க கை பிரமாதம். மூக்க மட்டும் இனிமே வெளிய உக்கார வெச்சுட்டு வாங்க.”

அதோடு சார் மர கிடாரைப் பரணில் ஏற்றிவிட்டார். அம்மாவுக்கு அந்த மெலடியைப் போட்டுக் காட்டியபோது அவர் சொன்னதையும் நான் சாரிடம் சொல்லவில்லை. “ரொம்ப சுத்தமா இருக்குது முனுசாமி. சுத்தமா இருந்தா அது எப்டி நம்ம வூட்டுப் பையனா இருக்கும்?”

*பேர் இருக்கிறது, ஆளைக் காணோம்*

ஒரு ராப் பாடுகிற பையன் வந்தான். கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை, பூர்வீகம் கோயமுத்தூர். “சார், உங்கள கேட்டுத்தான் நான் வளந்தேன்” என்று காலில் விழுந்தான். சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டப்பு இல்லை, குதிரை இல்லை, இந்தப் பாட்டில் அம்மாவுக்குக் கட்டாயம் தெரிந்துவிடும் என்று, கரண்ட் கிடார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியை அந்தப் பையனுடைய ஃபிளாட்டுக்கே தூக்கிக்கொண்டு போனோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

வீடியோ வந்தது. சாருடைய பேர் பெரிய எழுத்தில் வந்தது, கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோ வந்தது. கிடார் மட்டும் வரவில்லை. பாட்டு நீளமாக இருந்தால் ஜனங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்களாம், அதனால் அந்த இடத்தை வெட்டிவிட்டானாம். நான் முதலிலிருந்து இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், போன்தான் பழுது என்று நினைத்து. அப்புறம் அந்தப் பையனிடமே கேட்டேன். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்: “அங்கிள், அவரு பேரு இருந்தா போதும். கிடார ஜனங்களே மனசுக்குள்ள வாசிச்சுக்குவாங்க.”

*பட்டான்செரு கொயர்*

பட்டான்செருவில் தமிழ்க்காரர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு சர்ச் கொயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கெமிக்கல் கம்பெனி ஷிஃப்டுக்காரர்கள். அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே கொயர் மாஸ்டர். அவர் கேட்டதால் சார் தட்ட முடியாமல் போனார். சர்ச்சுக்குப் பக்கத்தில் சின்ன அறை, ஒரே ஒரு மைக், அதைச் சுற்றி வியர்வையோடு அத்தனை பேரும். ஆம்ப் பெட்டியைச் சொருகினோம். அங்கே கரண்ட் ஏறி இறங்கியதில் பெட்டி ஒரு முறை இருமிவிட்டுப் புகை விட்டது. அவ்வளவுதான்.

கொயரில் ஒரு மர கிடார் கிடந்தது. சார் அதையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும், நான் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அதை எடுத்து வாசித்தார். அவர்கள் பாட, இவர் வாசிக்க, நடுவில் கிடார் தனியாக வருகிற இடத்தில் மூக்கு தாராளமாகக் கிளம்பிவிட்டது. போட்டுக் கேட்டதும் சாருக்கு முகம் செத்துப்போனது. “மாஸ்டர், இன்னொரு தடவை எடுத்துரலாம், என் சத்தம் வந்துருச்சு” என்றார். வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, பாதிப் பேர் செருப்பு மாட்டிவிட்டார்கள். மாஸ்டர் சார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அந்த மூக்கக் கொடுத்ததே ஆண்டவர்தான் தம்பி, அவருக்குப் பழகியிருக்கும். எங்களுக்கு ஷிஃப்டு போயிரும்.”

சாரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். வீட்டு வாசலில் இறங்கிய பிறகு குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்: “முனிண்ணா, இந்தப் பாட்ட மட்டும் அம்மாவுக்குப் போட்டுராதீங்க. வயர் வேலையே பரவாயில்ல.”

*மேட்டுகுடா பாலத்தில்*

நான் போடவில்லை, சத்தியமாக. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். என் போன் வண்டி ஸ்பீக்கரோடு இணைந்திருக்கிறது. ஏதோ ஒரு கால் வந்து, அது முடிந்ததும், கடைசியாக ஏற்றி வைத்திருந்த பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது. மாஸ்டர் அனுப்பிய அதே பாட்டு. பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறேன், எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் வைப்பரைப் போட்டுவிட்டேன். அதற்குள் மூக்கு கிளம்புகிற அந்த இடமும் வந்துவிட்டது.

“நிறுத்து!” என்றார் அம்மா. பதறிப் பிரேக் போட்டேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்து, தெலுங்கிலும் உருதுவிலும் என் குடும்பத்தை விசாரித்தார்கள். “வண்டிய இல்லப்பா, பாட்ட. மறுபடியும் அங்கருந்து போடு” என்றார். போட்டேன். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தார். மங்கிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, உதடு சிரித்தது. “இது ரூபன். இவன்தான் என் பையன். மூணாங்கிளாஸ்ல கணக்கு போட உக்காந்தா இப்டியேதான் முனுசாமி. அவங்கப்பா டூட்டி முடிச்சிட்டு வந்து தூங்க முடியாம, வூட்டுக்குள்ளயும் ஒரு இஞ்சின் ஓடுதுன்னு கத்துவாரு.”

பாலம் இறங்கி, வண்டியை ஓரம் கட்டி, சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “சார், அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க” என்றேன். “எந்த இடத்துல?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்: “எல்லா இடத்துலயும்தான்டா, நல்லா இருந்திச்சு. ஆனா நடுவுல எவனோ கம்பிய நோண்டிக்கினே இருக்கான் பாரு, அவன கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு, உன் சத்தம் சரியா கேக்கமாட்டேங்குது.”

அன்றிலிருந்து சார் எங்கே கெஸ்ட்டாகப் போனாலும் மர கிடாரோடு மட்டும்தான் போகிறார், ரிப்பேரான ஆம்ப் பெட்டிமேல் நான் துணி மடித்துவைக்கிறேன், இந்தத் தொழிலில் வாசிப்பது கையா மூக்கா என்பது மட்டும் எனக்கு இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.