சிவனணைந்தபெருமாள் நார்மல்

போன ஐப்பசியில் இறந்த என் அப்பா சிவனணைந்தபெருமாள் குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தார். அவர் விற்றது பழமல்ல, மருந்து. மங்குஸ்தான் மூலத்துக்கு, ரம்புட்டான் ரத்தத்துக்கு, துரியன் பிள்ளை வரத்துக்கு. வியாதி இல்லாதவர் வந்தால், ஒரு வியாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்துத்தான் அனுப்புவார்.

அந்தச் சாரல் சீசனில் அவருக்கே வியாதி வந்தது. திடீரென்று சர்க்கரை ஏறியது. முதுகு வலித்தது. உடம்பு இளைத்தது; "கட்டுப்பாடா சாப்பிடுதாரு" என்று ஊர் பாராட்டியது. தென்காசி டாக்டர் கணையத்தைப் பார்க்க ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அருவியில் தண்ணீர் விழும்போது கடையை மூடுகிற ஆளா அப்பா? "சீசன் முடியட்டும்" என்றார்.

இடையில் புகுந்தார் தாய்மாமா மணிமுத்து. ஏதோ ஒரு லேபுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். ஸ்கேனுக்குப் பதில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்றார். கணையப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறும் பொருளை அளப்பது. பெயர் சிஏ 19-9. முப்பத்தேழு வரை நார்மல். அப்பாவுக்கு இரண்டுக்கும் கீழே.

"ஊர்லயே அத்தானுக்குத்தான் கம்மி" என்று மாமா சொல்லித் திரிந்தார். அப்பா ரிப்போர்ட்டை லேமினேட் செய்து தராசுக்கு மேலே மாட்டினார்.

நான் சென்னையில் இதே பரிசோதனையைச் செய்கிறவள். போனில் சொன்னேன்.

"அப்பா, சில பேர் உடம்பு அந்தப் பொருளை உண்டாக்கவே செய்யாது. கேன்சர் வந்தாலும் ஏறாது. இவ்வளவு கம்மின்னா நீங்க அந்த ரகம்னு நினைக்கேன். ஸ்கேன் எடுங்க."

"ஏட்டி அபர்ணா, கூடினாலும் கேன்சரு, குறைஞ்சாலும் கேன்சரா? ஒங்க லேப்ல ஒருத்தனும் தப்பிக்க முடியாது போலுக்கே."

"துரியனை வெட்டிக் காட்டித்தானப்பா விக்கீங்க?"

"துரியனுக்கு வலிக்காதுட்டி."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்கேனும் வலிக்காது என்று நான் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஆவணியில் கண் மஞ்சளானது. சாரலில் நனைந்ததால் வந்த பித்தம் என்று மாமா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். நான் லீவு போட்டு வந்து, அப்பாவைத் திருநெல்வேலிக்கு இழுத்துப் போனேன். கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவியிருந்தது. ஆனியிலேயே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அங்கேயும் சிஏ 19-9 எடுத்தார்கள். மறுபடி இரண்டுக்கும் கீழே.

அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "கட்டி இருக்கத்தான் செய்யுது. ஆனா ரத்தம் நார்மல்" என்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த மாமா அதற்கும் தலையாட்டினார்.

கடைசி வாரம் அப்பாவின் குரல் வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. கட்டில் பக்கத்தில் மாமா நின்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

"சொல்லுட்டி. என் ரத்தம் நார்மல்தானே?"

அந்த எண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய் வரைக்கும் வந்தது.

"நார்மல்தாம்ப்பா" என்றேன்.

அப்பா மாமா பக்கம் திரும்பினார். "கேட்டியா மாப்ளே? லேப்ல வேலை பாக்கா. அவளே சொல்லுதா."