சமையலறைப் பிரெஞ்சு

பொரித்த மீன் வாசமும் ஈரச் சப்பாத்து நாற்றமும் கலந்து, ஹீட்டர் சூட்டில் வேர்த்துக்கொண்டிருக்கும் ஒரு நீள நடைபாதை. இருபுறமும் பூட்டாத கதவுகள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மொன்றியலில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடி அப்படித்தான் இருந்தது. ஊரில் வீடுகளுக்கு நடுவே போகும் சந்தின் பேரால் அதை எல்லோரும் "ஒழுங்கை" என்றே சொன்னார்கள். அம்மா டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை, அப்பா டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். ஒன்பது வயதான நானும் நாலு வயதுத் தங்கை வாணியும் எந்த வீட்டில் சோறு வெந்ததோ அங்கே சாப்பிட்டு, எங்கே நித்திரை வந்ததோ அங்கே படுத்தோம். "வா மனே, மீன் பொரிச்சிருக்கன்" என்று எதிர்வீட்டு மட்டக்களப்புத் தவமணி மாமி கூப்பிட்டால் யாரையும் கேட்டுப் போகவேண்டியதில்லை.

ஒரு பெப்ரவரிப் பகலில், சிறுவர் பாதுகாப்பு என்று அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். யார் முறையிட்டார்களோ, இன்றுவரை தெரியாது. வாணி வெறுங்காலோடு "ஒழுங்கை"யில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள். வெளியே கொட்டிய பனியையும் அந்த வெறுங்காலையும் அந்தப் பெண் கண்டாள், ஹீட்டரைக் காணவில்லை. வேலையால் வந்த அம்மாவிடம், மொழிபெயர்க்க வந்த அண்ணை கேட்டார்:

"ஆரக்கா பிள்ளையைப் பாக்கிறது?"

"எல்லாரும்தான்."

"ஒரு பேர் சொல்லுங்கோ. ஒரே ஒரு பேர்."

"ஏன் தம்பி, ஒராள் மட்டும் பாக்கிறதுக்கு அதென்ன பூனைக்குட்டியே?" அம்மா சிரித்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எல்லாரும் பார்க்கும் பிள்ளை யாரும் பார்க்காத பிள்ளை என்று முடிவாகியது. பள்ளிக்கூடம் போகிறவன் என்று என்னை விட்டுவிட்டு, வாணியைக் கொண்டுபோய் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் கொடுத்தார்கள்.

சனிக்கிழமைகளில் ஒரு அறையில் அவளைப் பார்க்க விடுவார்கள். மூலையில் ஒருத்தி காவல் இருப்பாள். அவளுக்கு விளங்கும் பிரெஞ்சில்தான் கதைக்கவேண்டும். முதல்நாள் அம்மா, "குஞ்சு, சாப்பிட்டியே?" என்றதும் காவல் இருந்தவள் விரலை உயர்த்தினாள். இன்னொருமுறை தமிழ் வந்தால் சந்திப்பு இல்லை என்று என்னைக் கொண்டே சொல்லுவித்தாள். பிள்ளையைப் பார்ப்பதாவது மிஞ்சட்டும் என்று, பிரெஞ்சு தெரியாத அம்மா அந்த அறையில் பிறகு வாயே திறக்கவில்லை. அப்பாவிடம் சமையலறையில் வாங்கிய ஏச்சுகளிலிருந்து பொறுக்கிய பிரெஞ்சு இருந்தது: சூட்டுக்கு "ஷோ", கெதியா வேலை செய் என்பதற்கு "வீத்", நன்றிக்கு "மெர்சி". மகளை மடியில் வைத்து, தாலாட்டுமாதிரி, "ஷோ, ஷோ... வீத், வீத்... மெர்சி" என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வாணி விளையாட்டென்று சிரித்தாள். காவல் இருந்தவளும் சிரித்தாள். அந்த இரண்டாவது சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த பனிக்காலம் வாணியைத் திருப்பித் தந்தார்கள். தமிழைத் தரவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அங்கே காலனியாட்சிக் காலத்துத் தொழிற்பள்ளிகளைப் பற்றிப் படிப்பித்தார்கள். கவனிப்பாரற்ற பிள்ளைகள் என்று பேர் வைத்து, ஏழைகளின் பிள்ளைகளையும் இந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகளையும் கொண்டுபோய் அடைத்து, பூர்வகுடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் அடித்து, எல்லாம் உங்கள் நன்மைக்கே என்றார்களாம். "அது அந்தக் காலத்து அறியாமை," என்றார் பேராசிரியர். எந்தக் காலம், ஐயா? அவர்கள் பட்டதை நாங்களும் பட்டோம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீடு திரும்பவே இல்லை. ஆனால் அந்த உயர்ந்த விரலை எனக்குத் தெரியும்.

"ஒழுங்கை" இப்போது இல்லை. வாணியைக் கொண்டுபோன கிழமையே ஒவ்வொரு கதவுக்கும் சங்கிலி ஏறியது. "எனக்கும் பிள்ளையள் இருக்கு மனே," என்று தவமணி மாமி கதவிடுக்கால் சொன்னார், அவரிலும் பிழையில்லை.

வாணி இப்போது பக்கத்து நகரமான லவாலில் இருக்கிறாள். போன மாதம் வந்திருந்தாள். வாணிக்குத் தமிழ் திரும்பி வரவில்லை, அம்மாவுக்குப் பிரெஞ்சு ஏறவில்லை; அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறவன் நான்தான். இத்தனை வருடம் கழித்து அம்மா, "அந்த வீட்டில அடிச்சவையோ எண்டு கேள்," என்றார். இல்லை, நன்றாகத்தான் பார்த்தார்கள் என்றாள் வாணி. பிறகு அம்மாவைப் பார்க்காமல், தன் கேள்வியைப் பிரெஞ்சில் என்னிடம் தந்தாள்: அந்த அறையில் அப்பா கதைத்தாரே, அம்மா மட்டும் ஏன் என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை? என்னை வேண்டாமென்றா?

"என்னவாம், தம்பி?" என்றார் அம்மா.