ரைட் கொடுக்கும் குரல்

பள்ளிக்கூடத்தில் ரைட் என்றால் சரி, இல்லையென்றால் வலது பக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அறுபதுகளில், கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, கீரப்பாளையம் வழியாகச் சிதம்பரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று தெரிந்தது. டீக்கடையில் "ரைட்டு மாமா" என்றால் போய் வருகிறேன் என்று அர்த்தம். ஒர்க்‌ஷாப்பில் "பிரேக் ரைட்டா இருக்கு" என்றால் பயமில்லாமல் ஓட்டலாம். முதலாளி "ரைட், பாப்போம்" என்றால் இப்போதைக்கு எதுவும் நடக்காது. கண்டக்டர் சொன்னால் பஸ் கிளம்ப வேண்டும்.

எனக்கு அந்தக் கடைசி ரைட்தான் வரவில்லை. நாலு பேர் பார்த்தாலே குரல் எழும்பாது. பின்படியிலிருந்து நான் சொல்வது டிரைவருக்குக் கேட்காது. "மாசக் கடைசிக்குள்ள சத்தம் வரலன்னா பையக் குடுத்துட்டுப் போயிடு" என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். அந்தத் தோள்பையை விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். காலையில் ஷெட்டில், காலி பஸ்ஸில் நின்று சொல்லிப் பார்ப்பேன். அங்கே நன்றாகவே வரும்.

தினமும் பின்சீட்டில் வரும் ஜவுளிக்கடை பாய் ஒருவர் இரக்கப்பட்டார். "தம்பி, நீ வாயத் தொறந்தா போதும். மீதிய நான் ரேடியோ மாதிரி பாடிடுறேன்." அவர் கொடுக்கும் ரைட் அடுத்த ஊருக்கே கேட்கும்.

ஒருநாள் கீரப்பாளையத்தில், கத்தரிக்காய்க் கூடையோடு இறங்கிய அம்மாவின் ஒரு கால் இன்னும் படியில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. பாய் கவனிக்காமல் ரைட் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டேன். கூடை மட்டும் கீழே போயிற்று.

"கத்திரிக்கா போனா போவுது. நான் போயிருந்தா?" என்று அந்த அம்மா என்னைத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் பாயிடம் போனேன்.

"இனிமே நீங்க குடுக்காதீங்க பாய்."

"அப்பறம் வண்டி போகாதே தம்பி."

"போவலன்னா நிக்கட்டும்."

டிரைவரிடமும் சொன்னேன். "என் கொரல் வராம எடுக்காதீங்க மாமா."

"உன் கொரல் வரதுக்குள்ள பொங்கல் வந்துடும்டா" என்றார். ஆனால் தலையாட்டினார்.

மாதக் கடைசியில் முதலாளியே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். கீரப்பாளையத்தில் அதே அம்மா, அதே நிதானத்தில், இறங்கினார். நடுவிலிருந்து யாரோ ரைட் என்றார்கள். பஸ் அசையவில்லை. இன்னொருவர் சொன்னார். அப்போதும் அசையவில்லை. பாய் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"என்னய்யா, தூங்கிட்டியா?" என்று டிரைவரைக் கேட்டார் முதலாளி.

"கண்டக்டர் இன்னும் குடுக்கல மொதலாளி."

பஸ் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்த அம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விலகும்வரை நான் பேசவில்லை. மற்றவர்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பிறகு, எனக்கு இருக்கும் குரலில், "ரைட்" என்றேன். கியர் விழுந்தது.

சிதம்பரத்தில் இறங்கியபோது முதலாளி பையைக் கேட்கவில்லை.

"அவன் சொல்றது கேக்குதாய்யா?" என்று டிரைவரிடம் மட்டும் விசாரித்தார்.

"நாங்க கேட்டுக்குறோம் மொதலாளி" என்றார் மாமா.