பட்டியலில் விடுபட்ட டீச்சர்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் டேட்டாபேஸ் பாடத்துக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். வகுப்பில் ஐம்பத்தொன்பது பேர். ஜோடிகள் எல்லாம் கேன்டீனிலேயே முடிவாகிவிட்டன, மிஞ்சியது நான். "நீ தனியாவே பண்ணிரும்மா" என்றார் மேடம். தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியும், மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று நான் தினமும் புதிதாக யோசிக்கவேண்டியிருந்தது.

தங்கியிருந்தது போத்தனூரில், ஒரு மாதா கோயில் விடுதியில். நாங்கள் இந்துக்கள், பஸ் வசதிக்காக அப்பா சேர்த்துவிட்ட இடம் அது. கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்த அக்கா, பங்கு மக்களின், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களின், விவரங்களை நான்கு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அதையே புராஜெக்டாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துக்க கண்ணு. தேடித் தேடி என்ற கண்ணே போயிருச்சு."

முதலில் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டேன். ஒரே ஜெபக் குழுவின் பெயரை நாற்பது தரம் அடித்த பிறகுதான், வகுப்பில் சொன்ன நார்மலைசேஷன் எதற்கென்று புரிந்தது. ஆட்களுக்கு ஒரு டேபிள், அன்பியங்களுக்கு ஒரு டேபிள் என்று பிரித்தேன். அன்பியம் என்பது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு ஜெபக் குழு. ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் நேராக அவருடைய அன்பியத்தின் எண் இருக்கும்.

ஜனவரியில் ஃபாதர் வீடு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்கு அன்பியம் வாரியாகப் பட்டியல் கேட்டார்கள். இரண்டு டேபிள்களையும் இணைத்து பட்டியலை எடுக்க ஒரு க்வெரி எழுதி, அச்செடுத்துக் கொடுத்தேன். "நம்ம ஹாஸ்டல் புள்ள செஞ்சதுங்க ஃபாதர்" என்று அக்கா சொன்னபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது, குடையோடு ஒரு அம்மா வந்தார். ரயில்வே பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாகக் குடியிருந்தார்.

"ஏனுங்க, எங்க லைனுல எல்லா ஊட்டுக்கும் ஃபாதர் வந்தாரு. என்ற ஊட்டுக்கு மட்டும் வரலீங்களே. காலைல இருந்து மெழுகுவத்தி எடுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தனுங்க. வாசலத் தாண்டிப் போனாரு. கூப்பிடலாம்னு எந்திரிச்சேன். அப்புறம் கூச்சமாப் போச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஆட்களின் டேபிளில் அவர் பெயர் இருந்தது. அன்பியத்தின் எண் இருக்கவேண்டிய இடம் காலி. அவர் எதிலும் சேரவில்லை. நான் எழுதியது இன்னர் ஜாயின். இரண்டு பக்கமும் பொருந்துகிற பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அன்பியம் இல்லாவிட்டாலும் ஆட்கள் எல்லோரையும் எடுக்கும் லெஃப்ட் ஜாயினாக மாற்றி ஓட்டினேன். விட்டுப்போன ஒன்பது பேர் வந்தார்கள். பட்டியலில் எத்தனை பேர் என்று ஒருமுறைகூட நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

"தப்பு என்னோடதுங்க" என்றேன்.

"கம்ப்யூட்டரு தப்பில்லீங்களா அம்மணி?"

"இல்லீங்க. நான் எழுதுன விதம்."

அக்கா இடையில் புகுந்தார். "டீச்சர், ஏதாச்சும் ஒரு அன்பியத்துல உங்களச் சேத்திப்போடறனுங்க."

"வேண்டாமுங்க. கூட்டத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன். பேரு மட்டும் இருந்தாப் போதும்."

மறுநாள் பூசை முடிந்து ஃபாதர் டீச்சர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இஸ்திரி போட்ட துணி விரித்த ஒரே நாற்காலி. ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஜெபித்தபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்கும் காபி கொடுத்தார். இன்னொரு நாள் வரச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நல்லாப் படி அம்மணி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்திலிருந்து பார்த்துத் தலையசைப்பதோடு சரி.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில், "இங்க ஏன் லெஃப்ட் ஜாயின்?" என்று கேட்டார் வெளியிலிருந்து வந்த பேராசிரியர்.

"எந்தக் குழுவுலயும் இல்லாதவங்களும் இருப்பாங்க சார்."

சரி என்று குறித்துக்கொண்டு, பிரைமரி கீ பற்றிக் கேட்டார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, நன்றாகச் செய்தேன் என்றேன். "செரி கண்ணு, சாப்ட்டயா?" என்றாள். தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தத்தில் நான் சொன்ன பாதி அவளுக்குக் கேட்கவில்லை. அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.